யாழ்ப்பாணத்தில் மின்சக்கர நாற்காலி நின்றுவிட்டால்

மின்சக்கர நாற்காலியோடு ஊருக்குப் போகலாமா, அங்கே அது நின்றுவிட்டால் யாரிடம் போவது என்று ரொறன்ரோவில் எங்களைப் போன்ற குடும்பங்கள் பல ஆண்டுகளாகத் தயங்கிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தயக்கத்தாலேயே எத்தனையோ பேர் சொந்த வீட்டு முற்றத்தைப் பார்க்காமலே இருந்துவிட்டார்கள். இம்முறை அக்காவை அழைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான உரும்பிராய்க்குப் போய் வந்தேன். நாற்காலி நிற்கத்தான் செய்தது. நின்ற இடத்திலெல்லாம் திரும்ப ஓடவும் வைத்தோம். பக்கத்து வீட்டு ஐயாவின் நாற்காலி நீண்ட காலமாக விறாந்தையில் துணி காயப்போடும் இடமாக இருந்தது, அதையும் பார்த்தோம். யாழ்ப்பாணத்தில் திருத்தத் தெரிந்த கைகள் இருக்கின்றன. பாகங்களும் கைநூலும்தான் இல்லை. நாற்காலியை அனுப்பிவைக்கும் நாங்கள்தான் அவற்றையும் அனுப்பியிருக்க வேண்டும்.

முதல் தடங்கல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வந்தது. விமானத்தின் வயிற்றிலிருந்து நாற்காலி வந்து சேர்ந்தபோது சுவிச்சை அழுத்தினால் ஒரு விளக்கும் எரியவில்லை. இது பழுதே அல்ல. விமானத்தில் ஏற்றும்போது பல நேரங்களில் பற்றரியின் இணைப்பைக் கழற்றி, முனைகளில் ஒட்டுநாடா சுற்றிவிடுவார்கள். பாதுகாப்புக்காக அப்படிச் செய்வார்கள். இறக்குபவருக்கு அது தெரிந்திருக்காது. இருக்கைக்கு அடியில் தடித்த கறுப்பு, சிவப்பு வயர்கள் சேரும் பிளக்கைத் தேடிப் பார்த்து, ஒட்டுநாடாவை உரித்து, 'டக்' என்ற ஒலி வரும்வரை அழுத்திப் பொருத்தினேன். பற்றரிப் பெட்டியின் ஓரத்தில், மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சிறிய டிரிப் சுவிச்சும் இருக்கும்; அது வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் உள்ளே அழுத்த வேண்டும்.

விளக்கு எரிந்தது, நாற்காலி நகரவில்லை. தள்ளிச் செல்வதற்காகப் பின்சில்லுகளின் அருகிலுள்ள நெம்புகோல்களை விடுவித்திருக்கிறார்கள். இரண்டையும் திரும்பப் பூட்ட வேண்டும், ஒன்றை மட்டும் பூட்டினால் போதாது. சில நாற்காலிகளில் மோட்டார் சுற்றும் ஒலி கேட்கும், சில்லு அசையாது. வேறு சிலவற்றில் விளக்கு மினுங்கி, ஓடவே மறுக்கும். நெம்புகோல் விடுபட்டிருக்கும் நேரத்தில் மின் பிரேக் இல்லை என்பதைக் கட்டாயம் நினைவில் வைத்திருங்கள். சரிவில் ஆள் இருக்கும்போது அதைத் தொடவே கூடாது. அங்கே உதவிக்கு வந்த ஊழியர் ஒருவர், நான் குனிந்து வேலை செய்து முடியும்வரை அக்காவின் பக்கத்தை விட்டு அசையவில்லை. விமானம் ஏறுமுன் ஒவ்வொரு பிளக்கையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தது பேருதவியாக இருந்தது.

அங்கிருந்து ஏ9 நெடுஞ்சாலை வழியாக வான் வண்டியில் ஊருக்கு வந்தோம். நாற்காலியை அப்படியே தூக்க முயலாதீர்கள். 35 அம்பியர்-மணிக் கொள்ளளவுள்ள பற்றரி ஒன்றே பத்துக் கிலோவுக்கு மேல் வரும், அப்படி இரண்டு இருக்கும். அவற்றை முதலில் எடுத்துவிட்டால் இருவர் தூக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் சார்ஜர். கனடாவில் 120 வோல்ற், இலங்கையில் 230 வோல்ற். சார்ஜரின் ஒட்டுத்தாளில் 100 முதல் 240 வரை என்று இருந்தால் பிளக்கின் முனையை மட்டும் மாற்றினால் போதும். 115 அல்லது 120 என்று மட்டும் இருந்தால் சுவரில் செருகிய கணமே அதன் கதை முடிந்தது. இன்னும் சிலவற்றில் அடியில் 115, 230 என்று மாற்றும் சிறு சுவிச் இருக்கும். ஊருக்கு வந்ததும் அதை மாற்றிவிட வேண்டும். எங்கள் வீட்டில் பழைய அறைகளில் உருண்டை முனைச் செருகிகளும் புதிய அறையில் சதுர முனைச் செருகிகளும் இருப்பதால், இரண்டுக்கும் பொருந்தும் இடைப் பிளக்கை வாங்கினேன். இடி மின்னல் தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடும் பழக்கத்தையும் அக்கா தானே ஏற்படுத்திக்கொண்டார்.

பக்கத்து வீட்டு ஐயாவுக்கு நடந்தது இதுதான். நீரிழிவால் ஒரு காலை இழந்தவர். மொன்றியலில் இருக்கும் மகன் கப்பலில் நாற்காலியை அனுப்பினார். கூடவே வந்த சார்ஜர் 120 வோல்றுக்கு மட்டும் ஆனது. செருகியபோது எரிந்த மணம் வந்ததாம், அதன்பிறகு யாரும் அதைத் தொடவில்லை. நாற்காலி நல்லது, மோட்டார் நல்லது, சார்ஜர் ஒன்று இல்லாததால் ஒரு மனிதர் படலையைத் தாண்டாமல் இருந்திருக்கிறார். கேட்டபோது மனம் பொறுக்கவில்லை.

ஈயப் பற்றரிகளை வெறுமையாக மாதக்கணக்கில் விட்டுவைத்தால் அவை உள்ளுக்குள்ளேயே இறுகிப்போகும்; பிறகு எந்தச் சார்ஜராலும் எழுப்ப முடியாது. ஐயாவின் பற்றரிகளுக்கு அதுதான் நடந்தது. அக்காவின் நாற்காலியிலும் பற்றரி சோரத் தொடங்கியிருந்தது. அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பலர் ஏமாறுவது இங்கேதான். பெரும்பாலான மின்சக்கர நாற்காலிகளில் 12 வோல்ற் பற்றரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ற் எடுப்பார்கள். இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றி, கழற்றிச் சில மணி நேரம் விட்டு அளந்தால் 25.5 வோல்றுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். அக்காவின் நாற்காலியிலும் அப்படித்தான் காட்டியது. திருப்திப்பட்டு மூடிவிடாமல், அக்காவை ஒழுங்கையில் ஓட்டச் சொல்லி, தம்பி முறையான ஒரு பையன் வோல்ற் அளக்கும் மல்ரிமீற்றரைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தான். மணல் ஏற்றம் வந்ததும் எண் மளமளவென்று இறங்கி 21க்கும் கீழே போனது. நின்றதும் மீண்டும் 25க்கு ஏறியது. நிற்கும்போது நல்ல பிள்ளையாக இருந்து, சுமை ஏறியதும் கைவிடுகிற பற்றரி அது. தனித்தனியாக அளந்தபோது ஒன்றுதான் அதிகம் விழுந்தது. ஆனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் ஒன்றாக இருந்தால் புதியதையும் பழையது கெடுத்துவிடும்.

யாழ் நகரின் ஸ்ரான்லி வீதிப் பக்கம் பற்றரி தேடிப் போனோம். முதல் கடையில் மோட்டார் சைக்கிள் பற்றரியையும் அடுத்த கடையில் கார் பற்றரியையும் எடுத்து வைத்தார்கள். இரண்டும் வேண்டாம். வாகனப் பற்றரி இயந்திரத்தை எழுப்புவதற்காக ஒரு கணம் பலமாகத் தள்ளும். மணிக்கணக்கில் மெதுவாகக் கொடுத்துக்கொண்டிருப்பது அதன் வேலையல்ல. அமிலம் திரவமாக உள்ள வகையாக இருந்தால், ஆள் அமரும் இருக்கைக்கு அடியில் அதை வைப்பதே ஆபத்து. நாங்கள் கேட்டது முழுமையாக மூடப்பட்ட, சூரிய மின்சாரத்துக்கும் மின்வெட்டின்போது கைகொடுக்கும் யூ.பி.எஸ். பெட்டிகளுக்கும் பயன்படுத்தும் வகை. அது கிடைத்தது. பற்றரிப் பெட்டியின் உள்ளளவுக்கு மட்டையொன்றை வெட்டிக் கொண்டுபோயிருந்தோம். கடைக்காரர் மட்டையை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தார். அம்பியர்-மணி சரியாக இருந்தும் உயரம் கால் அங்குலம் கூடியதால் ஒன்று தள்ளுபடியானது. ஐயாவுக்கும் அதே வகையில் ஒரு சோடி எடுத்தோம். வீட்டில் பொருத்தும்போது மோதிரம், காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் கை வைத்தோம். திருகுசாவி இரண்டு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் தீப்பொறி பறக்கும். விரலில் மோதிரம் இருந்தால் சதை வெந்துபோகும்.

புதிய பற்றரியும் 230 வோல்ற் சார்ஜரும் கிடைத்ததும் ஐயாவின் நாற்காலி உயிர் பெற்றது. ஆனால் இடப்பக்கமாகவே இழுத்தது, சில நேரம் நின்று விளக்குகள் மினுங்கின. எத்தனை விளக்குகள் மினுங்குகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வி.ஆர்.2 என்ற பரவலான கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு விளக்கு மினுங்கினால் பற்றரியில் குறை, இரண்டு மினுங்கினால் இடது மோட்டார் இணைப்பு, நான்கு வலது மோட்டார் இணைப்பு, ஆறு என்றால் சார்ஜர் இன்னும் செருகியிருக்கிறது, ஏழு ஜொய்ஸ்ரிக் (நாற்காலியை ஓட்டும் கைப்பிடி), ஒன்பது பிரேக் இணைப்பு. வேறு பெட்டிகளில் இந்தக் கணக்கு வேறு. ஆகவே உங்கள் நாற்காலியின் கைநூலில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருங்கள். ஐயாவின் பெட்டியில் இரண்டு மினுங்கியது.

உரும்பிராயிலிருந்து சுன்னாகம் போகும் பக்கத்தில், தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களுக்குச் சுருள் சுற்றும் கடை ஒன்று இருக்கிறது. அந்த அண்ணை மின்சக்கர நாற்காலியை அதற்குமுன் திறந்து பார்த்ததில்லை. ஆனால் நேரடி மின்னோட்ட மோட்டார் அவருக்குப் புதிதல்ல. நாற்காலியைக் கட்டைகளில் ஏற்றிச் சில்லுகளை அந்தரத்தில் விட்டார். சுவிச்சை நிறுத்தி, இடது மோட்டாரின் பிளக்கை வலதிலும் வலதினுடையதை இடதிலும் மாற்றிச் செருகினார். "தம்பி, இப்போது விளக்கு எண்ணிக்கை மாறுகிறதா என்று பாருங்கள்" என்றார். மாறியது, இரண்டுக்குப் பதில் நான்கு. குறை பிளக்கோடு இடம் மாறியதால், கட்டுப்பாட்டுப் பெட்டி நல்லது, மோட்டார்ப் பக்கத்தில்தான் பழுது என்பது உறுதியானது. எவ்வளவு எளிய சோதனை, எத்தனை டொலர் மிச்சம்! சோதனை முடிந்ததும் பிளக்குகளை உரிய இடத்துக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் இடம் வலம் தலைகீழாகிவிடும்.

மோட்டாரின் பக்கவாட்டில் உள்ள மூடியைத் திருகி எடுத்தார். உள்ளேயிருந்து வந்த கார்பன் பிரஷ், அதாவது மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு, பென்சில் நுனி அளவுக்குத் தேய்ந்திருந்தது. பின்னாலுள்ள சுருள்வில்லால் அதைத் தள்ள முடியவில்லை. காற்றடித்துக் கரித்தூளை வெளியேற்றினார். தகர டப்பா ஒன்றைக் கவிழ்த்து, அரைக்கும் இயந்திரங்களின் பிரஷ்களில் சற்றே பெரிதான ஒன்றைத் தேடியெடுத்து, மெல்லிய உப்புத்தாளில் நான்கு பக்கமும் தேய்த்துத் தேய்த்து, குழிக்குள் வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்குக் கொண்டுவந்தார். முன்முனையையும் வளைவாகத் தேய்த்தார். அவசரமே இல்லை அவரிடம். ஐயாவின் நாற்காலி அன்று மாலை நேராக ஓடியது. கூலியாக அவர் கேட்ட தொகையைச் சொன்னால் கனடாவில் யாரும் நம்பமாட்டார்கள்.

மற்றவை சிறு சிறு வேலைகள். ரயரில் 12½ × 2¼ என்று எழுதியிருந்தால் அது சிறுவர் சைக்கிள்களிலும் வரும் அளவு; நல்ல சைக்கிள் கடையில் ரியூப் கிடைக்கும். ஒரு பக்கம் காற்றுக் குறைந்தாலே நாற்காலி அந்தப் பக்கம் இழுக்கும், பற்றரியும் விரைவில் இறங்கும். மோட்டாரைச் சந்தேகிப்பதற்கு முன் ரயரை அழுத்திப் பாருங்கள். முன்சில்லின் அச்சில் தும்பும் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொள்ளும், வாரம் ஒருமுறை வெட்டி எடுக்க வேண்டும். ஜொய்ஸ்ரிக்கின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழைநீரும் செம்மண் தூளும் நேரே உள்ளே போகும். மாற்று உறை கிடைக்கும்வரை பிளாஸ்ரிக் பையால் கட்டி வைக்கலாம். சுவிச்சைப் போடும்போது கை ஜொய்ஸ்ரிக்கில் பட்டுக்கொண்டிருந்தாலும் ஓடாது; கையை எடுத்து, நிறுத்தி, மறுபடி போட்டால் சரியாகிவிடும். குழந்தைகள் விளையாடிவிட்டுப் போனபின் விளக்குகள் இங்குமங்கும் ஓடிக்கொண்டிருந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. வி.ஆர்.2 பெட்டியில் ஜொய்ஸ்ரிக்கை ஒலி வரும்வரை முன்னே தள்ளி, மறுபடி ஒலி வரும்வரை பின்னே இழுத்து விட்டால் திறக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு வீதியில் பரப்பும் மணலில் மட்டும் மின்சாரத்தை நம்பாதீர்கள். சில்லு புதைந்தால் மோட்டார் சூடேறி டிரிப் சுவிச் விழும். இரண்டு பேர் கூட இருக்க வேண்டும்.

வீட்டில் தொடக்கூடாதவையும் உண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறக்காதீர்கள். பிரேக் வேலை செய்யாதபோது வயரை நேராகக் கொடுத்து ஓட வைக்கலாம் என்று ஒரு இளைஞர் முன்வந்தார். நல்ல மனம், ஆனால் மறுத்துவிட்டேன். கையை எடுத்தால் நாற்காலி நிற்பது அந்த மின்காந்தப் பிரேக்கால்தான். அதை ஏமாற்றினால் அமர்ந்திருப்பவரின் உயிரோடு விளையாடுவதாகும்.

நாற்காலி ஓடினாலும் போக முடியாத இடங்கள் இருந்தன. வலுவிழந்தோரின் உரிமைகளுக்காக 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அணுகும் வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்துவிட்டன. இருந்தும் நகரில் நாங்கள் போன வங்கி ஒன்றின் வாசலில் படிகள் மட்டும். அலுவலர் வெளியே வந்து வெயிலில் நின்று அக்காவிடம் கையொப்பம் வாங்கினார். அவருடைய பண்புக்கு நன்றி. சாய்தளம் ஒன்று இருந்திருந்தால் அக்கா தன் காரியத்தைத் தானே உள்ளே போய்ப் பார்த்திருப்பார்.

ஊருக்கு நாற்காலி அனுப்புகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: 230 வோல்ற் சார்ஜர், கைநூல், மாடல் எண்ணுள்ள ஒட்டுத்தாளின் படம், ஒரு சோடி கார்பன் பிரஷ், ஜொய்ஸ்ரிக் உறை, இரண்டு ரியூப். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கிழமைக்கு ஒருமுறையாவது சார்ஜ் ஏற்றும்படி வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

ஐயாவின் மோட்டாரில் உள்ள எண்ணை மொன்றியலில் இருக்கும் மகனுக்கு அனுப்பிவிட்டேன். உப்புத்தாளில் தேய்த்த பிரஷ் இப்போதைக்கு ஓடும். உரியது வந்து சேர்ந்ததும் மாற்றித் தருவதாகச் சுருள் சுற்றும் அண்ணை சொல்லியிருக்கிறார். அதுவரை மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து தேய்வைப் பார்க்கும்படி ஐயாவின் பேரனுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார்.