டச் விட்டுப்போனவங்களுக்கான ஸ்கூட்டர் ரெஃப்ரெஷர் கிளாஸ்: சேரலாமா?

லைசென்ஸ் இருக்கு, ஓட்டவும் தெரியும், ஆனா வருஷக்கணக்கா வண்டியத் தொடவே இல்ல, இப்ப சாவிய எடுத்தாலே வயித்தக் கலக்குது. இந்த கேட்டகிரில இருக்கறவங்களுக்குன்னே வீட்டுக்கு வந்து சொல்லித்தர்ற ஒரு சர்வீஸ்ல சேந்து முடிச்சிட்டேன். பேரு போடல, ஏன்னா குறையும் நிறைய சொல்லப்போறேன், அதுவும் இல்லாம இந்த மாதிரி கிளாஸ் எங்க எடுத்தாலும் எது பாக்கணும்னு தெரிஞ்சா போதும்.

முதல்ல நல்லது. வந்த உடனே ஏறி உக்காருங்க, ஸ்டார்ட் பண்ணுங்கன்னு சொல்லல, முதல் கிளாஸ் பாதிக்கு மேல இன்ஜினே ஆன் பண்ணல. சும்மா தள்ளிட்டு நடக்கணும், திருப்பணும், தள்ளிக்கிட்டே பிரேக் பிடிச்சு நிறுத்தணும், ஸ்டாண்ட் போடணும், எடுக்கணும். எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு, இதுக்கா காசு குடுத்தோம்னு. ஆனா வண்டி நூறு கிலோ பக்கம் இருக்கும், நம்ம பயத்துல பாதி இது மேல சாஞ்சிடுமோங்கறதுதான், அந்த வெயிட்டு கைக்குப் பழகினதும் பயம் நல்லாவே குறைஞ்சுது. சென்டர் ஸ்டாண்ட் எல்லாரும் கையால இழுத்துத் தூக்கப் பாப்போம் இல்ல, அது தப்பு, ஸ்டாண்டோட ரெண்டு காலும் தரையில படுதான்னு பாத்துட்டு அந்த மிதிக்கட்டைல நம்ம முழு வெயிட்டையும் குடுத்து ஏறி நின்னா வண்டி தானா பின்னாடி ஏறிக்குது, கை சும்மா பிடிச்சிருந்தாப் போதும். இவ்ளோ வருஷம் இது தெரியாம இடுப்பு வலிச்சதுதான் மிச்சம்.

அடுத்து ட்ரெயினர் சொன்னது ஒண்ணு, எனக்கு இந்தக் கிளாஸோட மொத்த மதிப்பும் அதுலதான்னு தோணுது. "மேடம், நீங்க பயத்துல மெதுவா போறீங்க, ஆனா வண்டி ஆடுறதே மெதுவா போகும்போதுதான்." நடக்குற ஸ்பீடுல உருட்டிக்கிட்டு போனா ஹேண்டில் அங்கயும் இங்கயும் இழுக்கும், காலு கீழ தொங்கிட்டே இருக்கும், கொஞ்சம் ஸ்பீடு வந்துட்டா வண்டி தானா நேரா நிக்கும். டச் விட்டவங்க எல்லாரும் வண்டி ஓட்டுறதுலயே கஷ்டமான ஸ்பீடுல போய்ப் பாத்துட்டு நமக்கு வராதுன்னு முடிவு பண்ணிடறோம். அதனால காலி கிரவுண்டுல கிளம்பின உடனே ரெண்டு காலையும் உள்ள வெச்சு நேரா போய் நிறுத்து, திரும்ப கிளம்பு, நிறுத்து, இதையே போட்டு வாட்டி எடுத்தாங்க. முன் சக்கரத்தப் பாக்காத, போற இடத்தப் பாருன்னு ஓயாம கத்தல் வேற. நல்ல கத்தல்தான், குழியப் பாத்துக்கிட்டே போனா குழிக்குள்ளதான் போவோம்.

ஆக்ஸிலேட்டர் விஷயமும் உருப்படியா சொல்லிக்குடுத்தாங்க. திடீர்னு ஏதாவது குறுக்க வந்தா பதட்டத்துல வலது கைய இறுக்கிப் பிடிப்போம், மணிக்கட்டு மேல தூக்கியிருந்தா அந்த இறுக்கத்துலயே கை கீழ இறங்கி ஆக்ஸிலேட்டர் முறுக்கிடும், நிக்க வேண்டிய இடத்துல வண்டி பாயும். அதனால மணிக்கட்டு எப்பவும் தாழ்வா, முழங்கை லூஸா, இடது கை விரல் பிரேக் மேலயே ரெடியா இருக்கணும்.

பிரேக்குக்கு ஒரு முழு கிளாஸ். முன் பிரேக் பிடிச்சா கவுந்துடும்னு நம்பி பின் பிரேக்க மட்டுமே பிடிச்சு ஓட்டின ஆளு நான். நிஜத்துல பிரேக் போடும்போது வெயிட் முன்னாடி வந்துடறதால முன் பிரேக்தான் அதிகமா நிறுத்துது, ஸ்பாஞ்ச் பிழியற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா அழுத்தினா ஒண்ணும் ஆகாது. ஹேண்டில் திரும்பி இருக்கும்போது சடக்குன்னு முன் பிரேக் பிடிச்சா விழுந்துடுவோம். சைக்கிள் பழகினவங்களுக்கு மறக்காதும்பாங்க, பேலன்ஸ் நிஜமாவே மறக்கல, மறந்துபோனது எவ்ளோ தூரத்துலயே பிரேக்க ஆரம்பிக்கணும்ங்கற கணக்கு. 20ல போறதுக்கும் 40ல போறதுக்கும் பிரேக் பிடிச்சப்புறம் ஓடுற தூரம் ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. கோடு போட்டு நிறுத்திப் பாத்தப்பதான் அது உடம்புக்குப் புரிஞ்சுது.

இப்ப கடுப்பானது. கிளாஸ் முழுக்க அவங்க பெட்ரோல் வண்டில, என்கிட்ட இருக்கறது எலக்ட்ரிக். பெட்ரோல் வண்டில யு டர்ன் போட லேசா ஆக்ஸிலேட்டர் குடுத்துக்கிட்டே பின் பிரேக்க லேசா உரசிட்டே போகச் சொல்லித்தந்தாங்க, சூப்பரா வந்துச்சு, ஆனா பல எலக்ட்ரிக் வண்டில பிரேக் லீவரத் தொட்டாலே மோட்டாருக்குப் போற பவர் கட் ஆயிடும், அப்படியே செத்து நின்னுடும், என் வண்டில அதேதான் ஆச்சு. கடைசில நானாவே ஸ்லோ மோடுல போட்டு ஆக்ஸிலேட்டர மட்டும் வெச்சுப் பழகிக்கிட்டேன். சேரும்போதே என்ன வண்டின்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்களா?

ரோட்டுக்குப் போன அன்னிக்கு பின்னாடி உக்காந்துக்கிட்டு கைய நீட்டி ஹேண்டிலப் பிடிச்சாங்க, இது எனக்கு சுத்தமா பிடிக்கல. வண்டிய யாரு திருப்புறான்னே தெரியாது, வெயிட்டும் கூடிடும், அவங்க இறங்கினதும் மறுபடி புது வண்டி மாதிரி இருக்கு. தனி வண்டில பின்னாடி வர்ற ட்ரெயினர் கிடைச்சா அவங்ககிட்டயே போங்க. ட்ராஃபிக் பார்ட்ட வேற அவசர அவசரமா முடிச்சிட்டாங்க, லெஃப்ட் டர்ன், ரைட் டர்ன், சிக்னல், அவ்ளோதான். மழை, ராத்திரி, மேட்டுல நிறுத்திக் கிளம்புறது எதுவுமே இல்ல.

இன்னொண்ணு, ரொம்ப நாளா நின்ன வண்டிய இவங்க செக் பண்ண மாட்டாங்க. டயர்ல காத்து தானா இறங்கியிருக்கும், காத்து கம்மியா இருந்தா ஹேண்டில் கனமா இழுக்கும், நமக்குத்தான் ஓட்ட வரலன்னு நினைச்சுப்போம். பேட்டரி, பிரேக், டயர்ல வெடிப்பு எல்லாம் மெக்கானிக்க வெச்சுப் பாத்துட்டு அப்புறம் ஏறுங்க.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். தெரிஞ்சவங்க யாராவது பொறுமையா கிரவுண்டுக்குக் கூட வருவாங்கன்னா இதே பயிற்சிய காசில்லாமலே பண்ணலாம், ஆனா வீட்டு ஆளுங்க கூட வந்தா திட்டுதான் அதிகம் விழுது, அந்த வகைல வெளியாள் பெட்டர். இப்ப தனியா பக்கத்து வேலைக்கெல்லாம் எடுத்துட்டுப் போறேன், பின்னாடி இன்னும் யாரையும் ஏத்தல. அதுக்கு தனியா ஒரு கிளாஸ் என் வண்டிலயே வேணும்னு கேட்டிருக்கேன், வந்தாங்கன்னா இதுக்குக் கீழயே எழுதறேன்.