மலைப்பாதைக்கு எந்தச் சைலன்சர்? ஒரே எஞ்சின், ஐந்து சத்தம்

நுவரெலியாப் பாதையில் உள்ள ரம்பொடைச் சுரங்கத்துக்குள் நுழையும்போது கார்க் கண்ணாடியை இறக்காத இளவட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. இரண்டாம் கியரில் மிதித்தால், அந்த 225 மீற்றருக்குள் எந்த ஓட்டைச் சைலன்சரும் சிங்கமாகிவிடும். ஆகவே சுரங்கத்துக்குள் கேட்டுவிட்டுப் பைப் வாங்காதீர்கள். அது அரை நிமிடக் கூத்து. நாம் ஓடுவதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் கிடக்கிற மேட்டில்தான்.

என்னுடையது டொயோட்டா 86. கூட்டாளிகள் இரண்டு பேரில் ஒருவரிடமும் அதே கார், மற்றவரிடம் சுபாரு பீஆர்இசட். பெயர்தான் வேறு, எஞ்சின் ஒன்று: 1,998 சீசீ, படுத்த வாக்கில் நான்கு சிலிண்டர், 200 குதிரைத்திறன். ஆனால் அந்த 200 கொழும்புக் கணக்கு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் சுமார் 80 வீதம். டர்போ இல்லாத எஞ்சினுக்கு மேலே மிஞ்சுவது 160 அளவுதான். நாற்பது குதிரையை மலை பிடுங்கிக்கொண்ட பிறகு, "இந்தப் பைப்புக்கு ஐந்து குதிரை கூடும்" என்று விற்கிறவரிடம் என்ன பேசுவது? சத்தத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

சைலன்சரை வெட்டி எறிந்துவிட்டு நேர்ப்பைப் வைப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவு. பீஆர்இசட்காரர் அதைத்தான் செய்தார். ஒரு மணி நேர வெல்டிங் வேலை. முதல் நாள் எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாம் நாள் ஹட்டனிலிருந்து தலவாக்கலை வரை பக்கத்து சீட்டில் இருந்து போனேன். இறங்கியபோது காது அடைத்திருந்தது. சட்டமும் சைலன்சர் இல்லாமல் வீதியில் ஓட விடாது. 2025 தொடக்கத்தில் கிளீன் ஸ்ரீலங்கா திட்டம் என்று பொலிஸார் வீதியில் இறங்கி, கூட்டிப் பொருத்தியதையெல்லாம் கழற்றச் சொன்னபோது அவருடைய பைப்பும் கழன்றது. இதற்கு மேல் இந்த வழியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பின்பக்கம் மட்டுமா, முழுப் பைப்பா?

அடுத்தது, பின் சைலன்சரை மட்டும் மாற்றுவது. கம்பெனிச் சைலன்சர் உள்ளே அறை அறையாகத் தடுத்திருக்கும். சத்தம் சுவரில் முட்டி முட்டித் தன்னையே தின்றுகொள்ளும். கடையில் விற்கிறதில் பெரும்பாலானவை வேறு மாதிரி. நேரே ஒரு துளைப்பைப், சுற்றி நார்ப் பஞ்சு. உச்சத்தில் கீச்சிடுகிற சத்தத்தைப் பஞ்சு உறிஞ்சிவிடும், அடித்தொண்டைச் சத்தம் வெளியே வந்துவிடும். பலருக்கு இதுவே போதும். நடுப்பைப்பில் உள்ள ரெசனேட்டர், அதாவது முழக்கத்தைத் தணிக்கிற சிறு அறை, கம்பெனியுடையதாகவே இருப்பதால் காருக்குள் தலைவலி இல்லை. குறை என்னவென்றால், வெளியே நிற்பவர் வித்தியாசத்தைக் கேட்பார், காசு கொடுத்தவருக்குக் கண்ணாடியை இறக்கினால்தான் கேட்கும்.

முழுப் பைப் என்றால், புகையைச் சுத்தம் செய்கிற கெட்டலிஸ்டுக்குப் பின்னால் இருக்கிற அத்தனையும். நான் போட்டது இது. 63 மில்லிமீற்றர், அதாவது இரண்டரை அங்குலம். இந்த எஞ்சினுக்கு அது தாராளம். மூன்று அங்குலம் போட்டவர்களின் கார் தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு ஆட்டுவதுபோலக் கத்துவதைக் கேட்டிருக்கிறேன்.

சத்தம் அருமை. நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் போனால் மயிர்க்கூச்செறியும். ஆனால் மேட்டில் எத்தனை முறை 5,000க்கு மேல் போகிறோம்? கினிகத்தேனையில் ஏறத் தொடங்கினால் மூன்றாம் கியர், 50 கிலோமீற்றர் வேகம், 2,800 சுற்று. முன்னால் ஒரு லேலண்ட் பஸ் போனால் அதுவும் இல்லை. அந்த 2,800இல்தான் பைப் முழங்குகிறது. கழுத்துக்குப் பின்னால் யாரோ மாவரைக்கிற மாதிரி ஒரே சுருதியில் "ஊம்" என்று. நெடுஞ்சாலைக்காரர் கியரை மாற்றி அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாம். நமக்கோ வட்டவளை வரைக்கும் அதே சுருதி.

ஏன் அங்கே என்று கேட்டால் கணக்கு இருக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 2,800 சுற்றில் வினாடிக்கு 93 வெடி. காருக்குள் இருக்கிற காற்றுக்கும் தகட்டுக்கும் அந்தச் சுருதி பிடித்துப்போனால் சேர்ந்து பாடும். சரியான நீளத்தில் ஒரு முனை அடைத்த கிளைப்பைப்பை நடுப்பைப்பில் ஒட்டினால், உள்ளே போன அலை திரும்பி வந்து அந்தச் சுருதியை மட்டும் அடித்துப்போடும். சூடான புகைக்குள் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 480 மீற்றர் ஓடும். அதை 93 ஆல் வகுத்து, வருவதில் கால்வாசி எடுத்தால் 1.3 மீற்றர். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு கராஜுக்குப் போனேன். மெக்கானிக் பாஸ் சிரிக்கவில்லை.

"தம்பி, பைப்பை மடக்கி வச்சாலும் நீளம் நீளந்தானே? அப்ப எடம் இருக்கு."

ஹெடர்: தப்புமேளச் சத்தம் எங்கிருந்து வருகிறது

மற்ற 86காரர் பின்பக்கத்தைத் தொடவே இல்லை. முன்னால், எஞ்சினோடு ஒட்டியிருந்து நான்கு சிலிண்டரின் புகையையும் ஒன்றாகச் சேர்க்கிற குழாய்க்கட்டை, அதாவது ஹெடரை மாற்றினார். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையப் பேச வேண்டும்.

இந்த எஞ்சின் வெடிக்கிற வரிசை 1-3-2-4. ஒன்றும் மூன்றும் ஒரு பக்கம், இரண்டும் நான்கும் மறுபக்கம். ஒரு பக்கம் அடுத்தடுத்து இரண்டு, பிறகு மறுபக்கம் இரண்டு. கம்பெனி ஹெடரில் குழாய்கள் ஏறக்குறைய ஒரே நீளம். ஆகவே வெடிகள் சம இடைவெளியில் வந்து சேரும், சத்தம் ஒழுங்காக இழையும். நீளத்தைச் சமமில்லாமல் வைத்தால் ஒரு பக்கத்து வெடிகள் பிந்தி வரும். தடதட, தட... தடதட, தட... பழைய சுபாருவின் குரல் அதுதான். திருவிழாவில் தப்பு கேட்டு வளர்ந்தவனுக்கு அதை விளக்கத் தேவையில்லை, காது தானாகத் தாளம் பிடிக்கும்.

சத்தத்தோடு இன்னொன்றும் கிடைக்கிறது. இந்த எஞ்சினுக்கு 3,200 முதல் 4,500 சுற்று வரை ஒரு பள்ளம் உண்டு, இழுவை தொய்ந்துவிடும். சமவெளியில் அதைக் கவனிக்காமலே தாண்டிவிடலாம். மலையில் கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் 42 கிலோமீற்றரில் வெளியே வருகிறவனின் எஞ்சின் நிற்பதே அந்தப் பள்ளத்தில்தான். நல்ல ஹெடரும், எஞ்சின் கம்ப்யூட்டருக்கு அதற்கேற்ற டியூனும் சேர்ந்தால் பள்ளம் பெருமளவு நிரம்புகிறது. ஆக, ஐந்து வழிகளில் மேட்டில் ஓட்டுகிறவருக்கு உண்மையாக உதவுவது இது ஒன்றே.

பிறகு ஏன் நான் போடவில்லை? முதல் கெட்டலிஸ்ட் அந்தக் கம்பெனி ஹெடருக்குள்ளேயே இருக்கிறது. கடையில் கிடைக்கிற பல ஹெடர்களில் அது இல்லை. மாட்டியதும் டேஷ்போர்டில் எஞ்சின் லைட் எரியும். டியூன்காரர் அதை அணைத்துவிடலாம், ஆனால் வருடா வருடம் லைசன் எடுக்கப் போகும்போது புகைப் பரிசோதனைக்காரரின் மெஷினை அணைக்க முடியாது. அந்தக் கூட்டாளி ஒவ்வொரு வருடமும் பழைய ஹெடரை மாட்டி, சான்றிதழ் எடுத்து, திரும்பக் கழற்றுகிறார். போல்ட் துருப்பிடித்து ஒன்று முறிந்தும்விட்டது. கெட்டலிஸ்ட் உள்ள ஹெடர்கள் வருகின்றன, விலை அதிகம். போடுவதென்றால் அதைத்தான் போட வேண்டும்.

கழற்றிய கம்பெனிச் சாமான்களை ஒருபோதும் விற்காதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைக்காலத்தில் ஒரு பழைய சைலன்சருக்காக மூன்று நகரம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

வால்வு வைத்த பைப் ஐந்தாவது. ஒரு சுவிட்சில் அமைதி, ஒரு சுவிட்சில் ஆரவாரம். தோட்டத்து லயன் வீடுகள் பாதைக்குக் கீழேயே இருக்கிற ஊரில் இது நியாயமான ஆசை. விடியப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போக வேண்டியவர்கள் அங்கே தூங்குகிறார்கள். தை, மாசிக் குளிர் இரவில் கீழே குளிர்காற்றும் மேலே வெப்பக்காற்றுமாக நின்றால் சத்தம் வானத்துக்குப் போகாமல் பள்ளத்தாக்கிலேயே வளைந்து இறங்கும். எதிர் மலைக்காரர் யாருடைய கார் என்று பெயர் சொல்வார். ஆனால் அந்த வால்வின் மோட்டார் காருக்கு அடியில் தொங்குகிறது. வட்டவளை மழையில் அது எத்தனை மாதம் தாங்கும்? நான் பார்த்த இரண்டும் பாதி திறந்தபடி இறுகிப்போயிருந்தன. தகடு வேறு கிலுகிலுக்கும்.

மழையைச் சொன்னதால் இரும்பையும் சொல்லிவிட வேண்டும். முதலில் ஒரு கராஜில் சாதா இரும்புப் பைப் போட்டு ஏமாந்தேன். குளிரில் குறுகிய ஓட்டம் ஓடினால் பைப் முழுதாகச் சூடேறாது. புகையில் இருக்கிற நீராவி உள்ளேயே தண்ணீராகித் தங்கும், உள்ளிருந்து அரிக்கும். இரண்டு மழைக்காலத்தில் வெல்டிங் ஓரமெல்லாம் ஊசித்துளை. 304 ஸ்டெயின்லெஸ் கேளுங்கள், சைலன்சரின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளையும் கேளுங்கள்.

மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு. 1934 முதல் நடக்கிற ஓட்டம் அது. அங்கே எதையும் வெட்டுங்கள், எதையும் எறியுங்கள், காரை லொறியில் ஏற்றிக்கொண்டு போங்கள். வீதியில் ஓடும் காருக்கு என் வரிசை இப்படி: காசு இருந்தால் கெட்டலிஸ்ட் உள்ள சமமில்லா ஹெடரும் கம்பெனிச் சைலன்சரும்; நடுத்தரம் என்றால் பின் சைலன்சர் மட்டும்; முழுப் பைப் மூன்றாவது, அதுவும் கிளைப்பைப்போடுதான். ஹெடரையும் முழுப் பைப்பையும் சேர்த்துப் போடுகிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும்: சமமில்லா வெடியில் 93க்குக் கீழேயும் முழக்கம் எழும். அதற்கு இன்னும் நீளமான கிளைப்பைப் வேண்டும். இந்தக் காருக்கு அடியில் அவ்வளவு இடமில்லை.

என் கார் இப்போது கராஜில் தூக்கி நிற்கிறது. பாஸ் சோக்கட்டியால் தரையில் 1.3 மீற்றர் கோடு போட்டு, அதை ஸ்பெயார் சில் இருக்கிற பக்கமாக எப்படி மடக்குவது என்று குந்தியிருந்து பார்க்கிறார். முதலில் பத்து சென்டிமீற்றர் கூட விட்டு வெட்டச் சொல்லியிருக்கிறேன். கினிகத்தேனை வரை போய்க் கேட்டுவிட்டு வந்து குறைத்துக்கொள்ளலாம்.