சத்துணவு விளையாட்டுப் பெட்டி: சீட்டு பாஸ், பாம்பு ஃபெயில்

சேலத்தில் பள்ளிக்கூடச் சாமான் விற்கும் கடைகளில் 850 ரூபாய்க்குக் கிடைக்கிற பெட்டி இது. ஆறடிக்கு ஆறடி ஃப்ளெக்ஸ் பரமபதம், ஸ்பாஞ்ச் பகடை, 60 உணவுச் சீட்டு, ஐந்து அட்டைத் தட்டு, சர்க்கரை அளக்க ஒரு ஸ்பூன், 24 நட்சத்திர ஸ்டிக்கர். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு என்று மேலே போட்டிருக்கிறது.

திறந்ததும் கண்ணில் படுவது பரமபதம்தான். விலையில் பெரும்பங்கும் அதற்கே போயிருக்கும். ஆனால் பெட்டியில் மட்டமான சரக்கும் அதுதான். கீரைக் கட்டத்தில் ஏணி ஏறுவதும் சமோசா கட்டத்தில் கடி வாங்குவதும் பகடை விழுகிற விதம். பிள்ளை யோசித்து எடுத்த முடிவு அதில் ஒன்றுமில்லை. 40 பேர் வகுப்பில் நாலு பேர் ஆட, மீதி 36 பேர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு, கூச்சலும் சிரிப்பும் கிளம்புவது பாம்பு கடிக்கும்போது. வீட்டுக்குப் போய்ச் சொல்வது முருங்கைக்கீரை ஏணியை அல்ல, ஐஸ்கிரீம் பாம்பை.

ஒரு பாம்பின் தலையில் தட்டுவடை செட்! சேலத்துப் பிள்ளையிடம் இது எடுபடுமா? இரண்டு தட்டுவடை, நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், ஒரு பக்கம் கொத்தமல்லி புதினாச் சட்னி, மறுபக்கம் மிளகாய் பூண்டுச் சட்னி. குறை சொல்லத்தக்கது எண்ணெயில் பொரித்த தட்டையும் உப்பும். நடுவில் இருப்பது பச்சைக் காய். மொத்தத்தையும் பாம்பாக்கினால், சாயங்காலம் அப்பா வாங்கிவரும் பொட்டலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போட்டி வரும். பொட்டலம்தான் ஜெயிக்கும்.

விரிப்பை வாங்கிவிட்டவர்கள் விதியை மாற்றிக்கொள்ளலாம். பாம்புத் தலையில் நிற்கிற பிள்ளை, அந்தப் பண்டத்தில் எதைக் குறைக்கலாம், எதைச் சேர்க்கலாம் என்று ஒன்று சொன்னால் பாதி தூரம் மட்டும் இறங்கட்டும். ஃப்ளெக்ஸை மடித்து வைக்கக் கூடாது. மடிப்பில் அச்சு உதிர்ந்துவிடும். அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டினால் அடுத்த முறை விரிக்கும்போது ஓரம் தூக்காமல் தரையோடு படியும். மூலைக்குச் செங்கல் வைக்காதீர்கள், கால் இடறும். அகலமான டேப் போதும்.

சீட்டும் தட்டும் வேறு கதை. தட்டில் பாதி காய் பழம், கால் பங்கு தானியம், கால் பங்கு பருப்பு அல்லது முட்டை என்று கோடு போட்டிருக்கிறார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலில், நாளுக்கு 2,000 கலோரிக்கான கணக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 250 கிராம் தானியம் என்று வருகிறது. தட்டின் கோடு அதற்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது.

கையேட்டில் எட்டுப் பேருக்கு ஒரு தட்டு. அப்படி ஆடினால் மூன்று பேர் பேசுவார்கள், ஐந்து பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள். தட்டை ஜெராக்ஸ் எடுத்துப் பத்தாக்கி, நாலு பேர் கொண்ட பத்துக் குழுவாகப் பிரியுங்கள். குழுவுக்கு நாலு சீட்டு; 20 சீட்டு கட்டில் இருக்கும். ஒன்றை எடுத்து ஒன்றைத் திறந்து போட வேண்டும். அடுத்த குழு அதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு காய் பழம், ஒரு தானியம், ஒரு பருப்பு அல்லது முட்டை சேர்ந்தால் தட்டு நிரம்பியது. ரம்மியேதான், பெற்றோரிடம் 'தட்டு நிரப்பு' என்று சொல்லுங்கள், சீட்டாட்டம் என்று சொன்னால் வம்பு. எதை விடுவது என்று நாலு பேரும் அடித்துக்கொள்கிற அந்த இருபது நொடிதான் பாடம்.

சீட்டில் பிழையும் உண்டு. உருளைக்கிழங்கு, மரவள்ளி இரண்டுக்கும் காய்கறியின் பச்சை ஓரம் போட்டிருக்கிறார்கள். மாவுச்சத்து என்பதால் தட்டில் அவற்றின் இடம் தானியப் பக்கம். ஸ்கெட்ச் பேனாவால் ஓரத்தை மாற்றிவிட்டுத்தான் ஆட வேண்டும். பிராக்கொலி, கிவி, ஸ்ட்ராபெரிக்குச் சீட்டு இருக்கிறது. ராகிக் களி, சாமை, கொள்ளு, கொய்யாவுக்கு இல்லை. ஜவ்வரிசித் தயாரிப்புக்குப் பேர்போன சேலத்தில் விற்கிற பெட்டியில் அதற்கே இடமில்லை என்பது வேடிக்கை. 100 கிராமில் 350 கலோரி அளவுக்கு இருந்தும் புரதம் ஒரு கிராம்கூடத் தேறாத பண்டம் அது; பாயசம் உடம்புக்குத் தெம்பு என்று நம்புகிற வீடுகளுக்கு நல்ல பாடமாக இருந்திருக்கும். நல்லவேளை, 60-இல் பத்து வெற்றுச் சீட்டு. ஏற்காட்டுப் பள்ளிகளில் ஆரஞ்சு, பலா, வெண்ணெய்ப் பழம் எழுதலாம். பால்பாயின்ட் லேமினேஷனில் ஒட்டாது, பெர்மனென்ட் மார்க்கர் வேண்டும்.

சீட்டின் பின்பக்கம் போட்டிருக்கும் சத்து எண்களை மோதவிட்டு ஆடும் ஆட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். எல்லாம் 100 கிராமுக்கான கணக்கு. சுண்ணாம்புச்சத்தில் கறிவேப்பிலை 830 மில்லிகிராம், பால் 120. கறிவேப்பிலை ஜெயிக்கும், ஆனால் ஒரு பிள்ளையின் தட்டுக்கு வருவது ஒரு கிராம் இலை, அதையும் பொறுக்கி ஓரத்தில் வைத்துவிடும். சாப்பிடும் அளவுக்கு மாற்றி எழுதினால் ஆட்டம் உருப்படும்: 150 மில்லி பாலில் 180 மில்லிகிராம், 60 கிராம் ராகி மாவில் கிண்டிய களியில் சுமார் 200.

சர்க்கரை ஆட்டம் எளிது, கணக்குப் பாடமும் சேர்ந்துகொள்ளும். காலிப் பாக்கெட்டில் 'சர்க்கரை' என்ற வரியைப் பார்த்து, நாலு கிராமுக்கு ஒரு டீஸ்பூன் என்று வகுக்க வேண்டும். 100 மில்லியில் 10.5 கிராம் என்றால் 250 மில்லி கூல்டிரிங்கில் ஆறரை ஸ்பூன். பிள்ளைகள் தடுமாறுவது ஒரே இடத்தில்: லேபிளில் ஒரு வேளைக்கான அளவு 30 கிராம் என்று இருக்கும், பாக்கெட்டோ 90 கிராம், மூன்றால் பெருக்க மறந்துவிடுகிறார்கள். பெட்டியில் வரும் ஸ்பூன் பெரியது, குவித்து எடுத்தால் ஏழு கிராமைத் தாண்டும். ஸ்கேலால் வழித்து, நிரப்பாக அளக்க வேண்டும். நிஜச் சர்க்கரை வேண்டாம். எறும்பு ஒரு பக்கம், நக்குகிற விரல் இன்னொரு பக்கம். சலித்த மணல் போதும்.

உயரம், எடை எழுதி ஒட்டச் சொல்லும் அட்டவணை ஒன்றும் கூடவே வருகிறது. அதைக் கிழித்துவிடுங்கள், வகுப்பு முன்னால் எடையைப் படித்தால் ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். 40 பேருக்கு 24 ஸ்டிக்கர் என்பதும் சண்டைக்கே வழி.

'ஒரே வாரத்தில் காய்கறி பிடிக்கும்' என்று பெட்டி மேல் இருப்பதை நம்ப வேண்டாம். ஒரு வாரத்தில் பெயரும் வகையும் மனசில் ஏறும், நாக்கு மாற நாளாகும். பழகாத காயைப் பத்து முறையாவது ருசி பார்க்க வைக்க வேண்டியிருக்கும். தட்டு நிரப்பை மதியச் சத்துணவுக்கு முந்தைய பீரியடில் வைத்தால், சாம்பாரில் ஒதுக்கும் காயைத் தட்டின் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அங்கேயே கேட்கலாம்.

சீட்டும் தட்டும் தனியாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். கடையில் பிரித்துத் தர மறுக்கிறார்கள். முழுப் பெட்டியையும் எடுத்தால், பரமபதத்தை ஒன்றாம் வகுப்புக்குத் தள்ளிவிடுங்கள். நூறு வரை எண்ண அவர்களுக்கு உதவும்.