‘அக்கா, ஆறே மாதத்தில் டிகிரி’ என்று யாராவது சொன்னால்

நியூ ஜெர்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, அதிலும் ஊரில் பாதியில் நின்றுபோன படிப்பை இங்கே முடித்துவிட வேண்டும் என்று ஆசைப்படும் பெண்களுக்கு இதை எழுதுகிறேன். பட்டம் வாங்க வழிகாட்டுகிறேன் என்று என்னிடம் 2,400 டாலர் வாங்கிக்கொண்டு, என் ஒரு வருட உழைப்பில் பெரும்பகுதியை வீணாக்கிய மனிதர் இன்னும் அதே தொழிலைத்தான் செய்துகொண்டிருக்கிறார். போன மாதம் கோவிலில் ஒரு தோழி அவர் கொடுத்த விலைப்பட்டியலை என்னிடம் காட்டி, “சேரலாமா?” என்று கேட்டாள். அன்றே எழுத முடிவு செய்துவிட்டேன்.

பாளையங்கோட்டையில் பி.காம். இரண்டாம் ஆண்டுத் தேர்வு எழுதிய கையோடு எனக்குத் திருமணம் ஆனது. மூன்றாம் ஆண்டு படிக்கவே இல்லை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு, மூத்தவன் பள்ளியில் கொடுத்த ஒரு படிவத்தில் ‘தாயின் கல்வித் தகுதி’ என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எப்படியாவது பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று தீர்மானித்தது அந்த இரவில்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்தே படித்து, தேர்வு எழுதிக் கல்லூரி கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) பெறுவது அமெரிக்காவில் முற்றிலும் நேர்மையான வழி. காலேஜ் போர்டு என்ற அமைப்பு 1967 முதல் நடத்தும் ‘கிளெப்’ (CLEP) தேர்வுகள் அதில் முக்கியமானவை. மொத்தம் 34 பாடங்கள். பெரும்பாலானவை 90 நிமிடத் தேர்வுகள். மதிப்பெண் 20 முதல் 80 வரை. 50 வாங்கினால் கிரெடிட் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் கல்விக் கவுன்சில் பரிந்துரைக்கிறது. வகுப்பில் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து பெறும் மூன்று கிரெடிட்டை ஒரே காலையில் பெற்றுவிடலாம். 2,900க்கும் அதிகமான கல்லூரிகள் இதை ஏற்கின்றன. எங்கள் மாநிலத்தின் தாமஸ் எடிசன் ஸ்டேட் யுனிவர்சிட்டி (1972), கனெடிகட் மாநிலத்தின் சார்ட்டர் ஓக் கல்லூரி (1973) போன்றவை, வேலையும் குடும்பமும் உள்ள பெரியவர்களுக்காகவே தொடங்கப்பட்டவை. ஆகவே, வழியில் குற்றமில்லை. வழிகாட்ட வந்தவரால்தான் நான் ஏமாந்தேன்.

ஒரு வளைகாப்பில் அறிமுகமானார். மதுரைப் பக்கம் என்றார். பேச்சுக்குப் பேச்சு “அக்கா, அக்கா” என்பார். நானும் “தம்பி” என்றேன். “ஊரில் படித்ததை எல்லாம் இங்கே கணக்கில் சேர்த்துவிடலாம் அக்கா. மிச்சத்துக்கு எட்டுத் தேர்வு. ஆறே மாதத்தில் டிகிரி. தேர்வுக் கட்டணம், பாடம் எல்லாம் நம் பொறுப்பு” என்றார். மூன்று தவணையாக எண்ணூறு எண்ணூறு டாலர். கிரெடிட் கார்டு வேண்டாம், வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஜெல் (Zelle) வழியாக அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். என் பெயரில் ஒரு புதிய மின்னஞ்சல் முகவரியை அவரே தொடங்கி, கடவுச்சொல்லைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். “உங்களுக்கு எதற்கு அக்கா அந்தத் தலைவலி” என்றார். நம் மொழி பேசுகிற ஒருவர் நம் சுமையை இறக்கி வைக்கிறார் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

படித்தேன். காலையில் நான்கரைக்கு எழுந்து, சமையலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு, அவர் அனுப்பிய தாள்களைப் படித்தேன். முதல் தேர்வு மேனேஜ்மென்ட். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜின் தேர்வு அறையில் பைக்கும் கைப்பேசிக்கும் ஒரு லாக்கர் கொடுத்தார்கள். முடித்தவுடன் திரையிலேயே மதிப்பெண் வந்துவிடும். 61. லாக்கர் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி காருக்குள் வந்து உட்கார்ந்து அழுதேன். இருபது வருடம் கழித்து ஒரு தேர்வில் தேறியிருக்கிறேன். அந்த மகிழ்ச்சி என்னுடையது, அதை அவரால் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு வருடத்தில் எட்டுத் தேர்வுகளும் எழுதி, எட்டிலும் தேறினேன்.

பிறகுதான் நான் சேர விரும்பிய கல்லூரிக்கு அவர் என்னை அனுப்பினார். கவனியுங்கள், பிறகுதான். அங்கிருந்த ஆலோசகர் அம்மா மிகப் பொறுமையானவர். என் பி.காம். மதிப்பெண் பட்டியலின் மதிப்பீட்டையும் கிளெப் மதிப்பெண்களையும் அருகருகே வைத்து, பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங், பிசினஸ் லா, மைக்ரோ எகனாமிக்ஸ் மூன்றையும் நான் ஊரிலேயே படித்துவிட்டேன். ஒரே பாடத்துக்கு இரண்டு முறை கிரெடிட் கிடையாது. மூன்றும் போயிற்று. மேனேஜ்மென்ட், மார்க்கெட்டிங் இரண்டும் அந்தக் கல்லூரியில் மேல்நிலைப் பாடங்கள், அதாவது மூன்றாம், நான்காம் ஆண்டுக்கானவை. கிளெப் தேர்வுகளை அவர்கள் கீழ்நிலையாகத்தான் ஏற்பார்களாம். விருப்பப் பாடமாகச் சேர்க்கலாம் என்றால், பி.காமில் நான் படித்த தமிழும் ஆங்கிலமும் ஏற்கெனவே அந்த இடத்தை நிரப்பிவிட்டன. மீதி நின்றவை மேக்ரோ எகனாமிக்ஸ், சைக்காலஜி, சோஷியாலஜி. இருபத்து நான்கு கிரெடிட்டில் ஒன்பதுதான் எனக்குப் பயன்பட்டது.

“தேர்வு எழுதுவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார் அந்த அம்மா. குற்றம் சொல்லும் குரலில் அல்ல, எனக்காக வருந்தும் குரலில். பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். அதில் இத்தனை மேல்நிலையாக இருக்க வேண்டும், இத்தனையை எங்களிடமே படிக்க வேண்டும் என்று ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனி விதி வைத்திருக்கிறது. கவுன்சில் பரிந்துரை மட்டும்தான் செய்யும், முடிவு கல்லூரியுடையது. இதையே தொழிலாகச் செய்பவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

அன்று இரவு அந்த மின்னஞ்சல் முகவரியின் கடவுச்சொல்லை என் மகன் உதவியுடன் மாற்றி உள்ளே போனேன். கைப்பேசி எண் என்னுடையதாக இருந்ததால் முடிந்தது. உள்ளே ‘மாடர்ன் ஸ்டேட்ஸ்’ என்ற பெயரில் எட்டுக் கடிதங்கள். அது ஒரு தொண்டு நிறுவனம். கிளெப் பாடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். முடித்து விண்ணப்பித்தால் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரையும் இலவசமாகவே தருகிறார்கள். என் பெயரில் அவர் பாடங்களை முடித்ததாகக் காட்டி, எட்டு வவுச்சர்களையும் வாங்கி, “கட்டணம் கட்டிவிட்டேன் அக்கா” என்று எனக்கு அனுப்பியிருக்கிறார். அந்தத் தாள்களும் அங்கிருந்து எடுத்தவையே. மாணவர்களுக்காக யாரோ மனமுவந்து கொடுத்ததை எனக்கு 2,400 டாலருக்கு விற்றிருக்கிறார். பணம் போனதைவிட இதுதான் என்னை அதிகம் நோகடித்தது.

கேட்டபோது அவர் கோபப்படவில்லை. “காலேஜை மாற்றிவிடலாம் அக்கா. இன்னும் தொள்ளாயிரம் டாலர். எட்டுத் தேர்வையும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள்” என்று ஓர் ஆன்லைன் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னார். அமெரிக்கக் கல்வித்துறையின் இணையப் பட்டியலில் தேடினேன். அந்தப் பெயரும் இல்லை, அதற்கு அங்கீகாரம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட அமைப்பின் பெயரும் இல்லை. மறுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என் அழைப்பை எடுப்பதில்லை. வங்கியில் கேட்டேன். ஜெல் வழியாக நானே விரும்பி அனுப்பிய பணத்தை மீட்க முடியாது என்றார்கள்.

இந்த வழியில் போக நினைப்பவர்கள் தயவுசெய்து முதலில் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள், தேர்வை அல்ல. அங்கீகாரத்தைக் கல்வித்துறைப் பட்டியலில் நீங்களே பாருங்கள். ஊர் மதிப்பெண் பட்டியலை மதிப்பிட எந்த நிறுவனத்தை ஏற்பார்கள் என்று கல்லூரியிடமே கேளுங்கள்; பெரும்பாலும் இத்தகைய மதிப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான நேசஸில் (NACES) உள்ளவற்றைச் சொல்வார்கள். அந்த மதிப்பீடு வந்த பிறகு, ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால், ‘இந்தத் தேர்வு என் பட்டத்தில் எந்தப் பாடத்துக்கு ஈடாகும்?’ என்று கல்லூரியின் ரிஜிஸ்ட்ராருக்கு (பதிவாளருக்கு) எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மேல்நிலைக் கிரெடிட் தேவைப்பட்டால் கிளெப் போலவே கிரெடிட்டுக்காக எழுதும் டி.எஸ்.எஸ்.டி. (DSST) என்ற வேறு தேர்வுகளில் சிலவற்றுக்குக் கவுன்சிலின் மேல்நிலைப் பரிந்துரை உண்டு. அதையும் கேட்டுவிட்டே எழுதுங்கள். கணக்குகளை உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்குங்கள். கடவுச்சொல்லை அண்ணன், தம்பி யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நியூ ஜெர்சி நுகர்வோர் துறையிலும் மத்திய வர்த்தக ஆணையத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மனிதரிடம் பணம் கட்டியவர்கள் ஜெல் ரசீதுகளை அழிக்காமல் வைத்திருந்து நீங்களும் புகார் கொடுங்கள். ஒரு புகார் தனியாக நிற்பதைவிடப் பத்து சேர்ந்து நின்றால் கேட்பார்கள்.

நான் அந்த ஒன்பது கிரெடிட்டோடு அதே கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். அடுத்து ஹியூமானிட்டீஸ் தேர்வு எழுதுகிறேன். ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்திலிருந்து ‘பொதுப்பாடத் தேவைக்கு ஏற்கப்படும்’ என்று மூன்று வரியில் பதில் வந்திருக்கிறது. அச்செடுத்துச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். நேற்று அந்தத் தோழியை வீட்டுக்கு அழைத்து, மாடர்ன் ஸ்டேட்ஸில் அவளுடைய சொந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன்.