டைட்டானியா நானோகுழாய்: ஹைட்ரஜனா, நைட்ரஜனா, நியோபியமா?

பினாங்கு பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு டோப்பிங் (மின்குணத்தை மாற்ற ஒரு பொருளில் வேறொன்றைச் சிறிதளவு கலப்பது) பழகிப்போன சொல். அதையே டைட்டானியம் டையாக்சைடின் (டைட்டானியா) மிக நுண்ணிய நானோகுழாயில் செய்து, வெற்றிடத்தில் மின்புலம் கொடுத்து எலக்ட்ரானை வெளியே இழுப்பதுதான் புல உமிழ்வு ஆய்வு. நிபோங் திபாலில் யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்தில் படிக்கும் நம் தம்பி, தங்கைகள் இதை ப்ராஜெக்ட்டாக எடுத்தால் முதலில் எழும் கேள்வி: எதைக் கலப்பது?

டோப்பிங் செய்தால் வெளியேற்று ஆற்றல் (எலக்ட்ரானைப் பரப்பிலிருந்து வெளியே எடுக்கத் தேவைப்படும் ஆற்றல்) குறையும், அதனால் உமிழ்வு கூடும் என்பது வழக்கமான பதில். பொய்யில்லை, ஆனால் அரைகுறை. புல உமிழ்வு மின்னோட்டத்தைக் கணக்கிடும் ஃபௌலர்–நார்ட்ஹைம் சமன்பாட்டின் அடுக்கில் இருப்பது வெளியேற்று ஆற்றலின் 1.5ஆம் அடுக்கு. அது 4.3 எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 4.1க்கு இறங்கினால், தேவையான புலம் ஏறக்குறைய 7 சதவீதம்தான் குறையும். குழாய்கள் ஒன்றன் புலத்தை ஒன்று மறைக்காதபடி இடைவெளி விட்டு, முனையில் புலப் பெருக்கத்தை (கூர்முனையில் மின்புலம் எத்தனை மடங்கு கூடுகிறது என்பதை) இரட்டித்தாலோ தேவை பாதியாகிவிடும். அப்புறம் டோப்பிங் எதற்கு? முனையிலிருந்து போன எலக்ட்ரானுக்குப் பதில் குழாய்கள் நிற்கும் அடித்தகட்டிலிருந்து இன்னொன்று வர வேண்டுமே. தூய டைட்டானியா மோசமான கடத்தி. கொடுத்த வோல்ட்டேஜில் ஒரு பங்கைக் குழாயே விழுங்கிவிடும்.

இந்த வேலைக்கு எளிய வழி ஹைட்ரஜன். அனோடைசிங் (டைட்டானியத் தகட்டைக் கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்திக் குழாய்களை வளர்ப்பது) முடிந்த தகட்டை ஹைட்ரஜன் வாயுவில் சூடேற்றினால் ஆக்சிஜன் வெளியேறும், அதன் எலக்ட்ரான்கள் உள்ளேயே தங்கும். தகடு கறுத்துவிடுவதால் மாற்றம் கண்ணுக்கே தெரியும். காற்றில் மறுபடி சூடானால் ஆக்சிஜன் விட்டுப்போன காலியிடங்கள் நிரம்பிவிடும், அதுதான் வம்பு.

நைட்ரஜன் பெயர் வாங்கியது ஒளிவினையூக்கத்தில் (ஒளியைக் கொண்டு வேதிவினையை வேகப்படுத்துவதில்). ஆக்சிஜனைவிட அதற்கு ஒரு எலக்ட்ரான் குறைவு. அந்த இடத்தில் உட்கார்ந்தால் கொடுக்காது, வாங்கத்தான் பார்க்கும். அமோனியாவில் சூடேற்றும்போது கூடவே ஆக்சிஜன் காலியிடங்களும் உண்டாகின்றன. அந்தக் காலியிடங்கள்தான் வேண்டுமென்றால் நேரடியாக ஹைட்ரஜனிடமே போகலாம்.

நியோபியத்துக்கு இணைதிறன் 5, டைட்டானியத்துக்கு 4. மிச்ச எலக்ட்ரான் கடத்தலுக்குப் போகும், சூட்டிலும் நிலைக்கும். ஆனால் டைட்டானியம்–நியோபியம் உலோகக்கலவைத் தகடு வேண்டும். அனோடைசிங் வோல்ட்டேஜ், நேரம் எல்லாவற்றையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். கருவி நீண்ட நாள் ஓட வேண்டுமென்றால் இதுதான் என் தேர்வு. ஒரு வருட ப்ராஜெக்ட்டுக்கு ஹைட்ரஜன் போதும்.

எதை எடுத்தாலும் பினாங்கு ஈரப்பதத்தை மறக்க வேண்டாம். அனோடைசிங்குக்குப் பயன்படும் எத்திலீன் கிளைகால் கரைசல் காற்றிலுள்ள நீரை உறிஞ்சும். நீரளவு மாறினால் குழாயின் நீளமும் வடிவமும் மாறும். பிறகு கிடைத்த முன்னேற்றம் டோப்பிங்காலா, வடிவத்தாலா என்று சொல்ல முடியாது. ஒரே தகட்டை வெட்டி, ஒரு துண்டை ஹைட்ரஜனிலும் மற்றதை அதே வெப்பநிலையில் வெறும் காற்றிலும் சூடேற்றி ஒப்பிடுங்கள்.