காசிமேட்டு மெஸ்: தடைக்காலத்தில் ஒருமுறை போய்ச் சாப்பிடுங்கள்

சென்னை ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஆறு வருஷமாக மதியச் சாப்பாடு காசிமேட்டில் ஒரே மெஸ்ஸில்தான். பெயர்ப்பலகை கிடையாது. நாலு பெஞ்சு, சுவரில் ஒரு கரும்பலகை. கடையை நடத்துகிற அக்கா விடிகாலையில் ஏலத்துக்குப் போய் வந்து அதில் எழுதிவிடுவார்: என்ன மீன், என்ன விலை, எங்கிருந்து வந்தது.

அந்த மூன்றாவது விவரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கக் காலம். தடை இல்லாத சின்ன ஃபைபர் படகுகள் கொண்டுவருகிற கொஞ்ச மீனுக்கு ஏலத்தில் அடிதடிதான். மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ல்தான் தொடங்கும், அதனால் ஏப்ரல், மே மாதங்களில் கேரளாவிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் வரும். அதைக் காசிமேட்டு மீன் என்று சொல்லி விற்றால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. எனக்கே தெரியாது. அக்கா மட்டும் இலை போடும்போதே சொல்லிவிடுவார்: "தம்பி, இன்னைக்கு கேரளா மீனுதான். வேணும்னா சாப்பிடு, இல்லன்னா கருவாட்டுக் குழம்பு இருக்கு."

கருவாட்டுக் குழம்பையே கேளுங்கள். தடைக்காலமும் மாங்காய்க் காலமும் ஒன்றாக வருவது நம் அதிர்ஷ்டம். நெத்திலிக் கருவாட்டைச் சுடுதண்ணீரில் போட்டு, தலையைக் கிள்ளி, மணல் போக இரண்டு மூன்று தடவை அலசுவார். கத்தரிக்காய், தோலோடு மாங்காய்த் துண்டு, அடுப்பை அணைக்கும் நேரத்தில் ஒரு கரண்டி நல்லெண்ணெய். மாங்காயை விரலால் லேசாக அழுத்தினால் சதை மட்டும் வழுக்கிக்கொண்டு வரும், தோல் இலையில் நிற்கும். அந்தச் சதையைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள். சாதாரண நாளில் அவர் வைக்கிற சங்கரா மீன் குழம்பைவிட இதுதான் எனக்கு உசத்தி.

2023 டிசம்பரை மறக்க முடியாது. மிக்ஜாம் புயல் மழை, அதோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது. எங்கள் ஆபீசிலேயே பாதிப் பேர் மீனைத் தொடவில்லை. ஆழ்கடலில் பிடித்து வந்த மீனையும் சந்தேகமாகப் பார்த்தார்கள். அந்த எண்ணெய்க்கும் இந்த அக்காவின் அடுப்புக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அடி விழுந்தது அவருக்குத்தான். சில வாரம் பலகையில் "முட்டைக் குழம்பு" மட்டும் இருந்தது. கூட வேலை செய்கிற இரண்டு பேரையும் அவர் நிறுத்தவில்லை. பாத்திரம் கழுவும் அம்மா அந்த நாட்களிலும் வழக்கம்போல் பதினோரு மணிக்கு வந்து உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

விலை: சாப்பாடு 100 ரூபாய், மீன் வறுவல் அன்றன்றைய விலை. ஒன்றாம் தேதி 19 கிலோ சிலிண்டர் விலை ஏறினாலும் சாப்பாட்டு விலையை உடனே ஏற்றுவதில்லை. வறுவலை மட்டும் கேட்ட பிறகே கல்லில் போடுவார், அதற்குப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். சரி, சுடச்சுட வருகிறது.

குறை இரண்டு உண்டு. ரசம் தண்ணீர்தான், அதைச் சொல்லியும் பார்த்துவிட்டேன். வடகிழக்குப் பருவமழையில் தெருத் தண்ணீர் வாசற்படி வரை ஏறிவிடும், பேண்ட்டை மடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரம்தான். மீன்பிடித் துறைமுக வாசலில் கேட்டால் கரும்பலகை மெஸ் என்று வழி சொல்வார்கள். ஒன்றரைக்குள் போய்விடுங்கள், இரண்டு மணிக்குச் சட்டி காலி. பார்சலுக்கு பிளாஸ்டிக் கவர் தரமாட்டார், தூக்கு எடுத்துப் போங்கள்.