ஆசாரிப்பள்ளமா, கொச்சியா?

குமரிக் கடற்கரையின் தூத்தூர், வள்ளவிளை மீனவர்கள் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். எச்ஐவிக்கு மருந்தெடுக்கும் தொழிலாளி நாகர்கோவில் பக்கத்து ஆசாரிப்பள்ளத்தின் ஏஆர்டி மையத்திலேயே (எச்ஐவி மருந்து தரும் அரசு மையம்) தொடரலாமா, கொச்சிக்கு மாறலாமா?

ஊரில் என்றால் பழகிய ஆலோசகர் இருப்பார். வைரஸ் அடங்கி உடம்பு சீராக இருப்பவர்களுக்குச் சில மாத மருந்தைச் சேர்த்துத் தருவதும் உண்டு. ஆனால் படகு பிந்தினால்? டப்பாவில் கடைசி மாத்திரை உருளும்போது கரையே தெரியாது. மருந்து விட்டுப்போனால் வைரஸ் மறுபடி பெருகும், மனைவிக்கும் பரவலாம்.

கொச்சியில் என்றால் கரையேறியதும் வாங்கலாம், அங்கும் இலவசம்தான். ஊரார் கண்ணில் படாததும் சிலருக்கு நிம்மதி. மையம் மாறுவதற்கான கடிதம் மட்டும் கையில் இருக்கட்டும்.

வருடத்தில் பாதிக்குமேல் அங்கேதான் என்றால், நான் கொச்சிக்கே மாறச் சொல்வேன்.